முதல் பள்ளம்

இடது கையை அசைக்கக் கூடாது.

அதில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியாக இரத்தம் மெஷினுக்குப் போகிறது. மற்றதன் வழியாகச் சுத்தமாகித் திரும்பி வருகிறது. நான்கு மணி நேரம். செவ்வாய், வியாழன், சனி.

மிச்சம் இருப்பது வலது கை.

அந்த ஒரு கைக்கு எது தோதுப்படும் என்றுதான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் இரண்டு கருவிகள் கிடந்தன. இரண்டுமே பழைய டி.வி. கேம்களை உள்ளங்கையில் அப்படியே ஓட்டிக் காட்டுபவை. கேசட் வேண்டாம், டி.வி. வேண்டாம். கணவர் ஜெபசிங் வரவழைத்தவை. பிடிக்காததை நாளைக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

போன சனிக்கிழமை, ஆட்டோவில் வீட்டுக்குப் போகும்போது, இந்த மாதத்தோடு டயாலிசிஸை நிறுத்திக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்லியிருந்தாள்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். மூன்றாம் நாள் இரண்டு பெட்டிகள் வந்தன. சின்ன வயதில் அண்ணனோடு மல்லுக்கட்டி டி.வி. கேம் ஆடியதை எப்போதோ அவரிடம் சொல்லியிருக்கிறாள். மனிதர் அதைப் பிடித்துக்கொண்டார். பாவம்.

வலி அவளுக்குப் பழகிவிட்டது. அலுப்புதான் பழகவில்லை.

முதலில் குட்டையானதை எடுத்தாள். சோப்புப் பெட்டி அளவு. மேலே திரை, கீழே பட்டன். கனமே இல்லை. பட்டன்களின் வேலையை மாற்றி வைத்துக்கொள்ள வசதி இருந்தது. எல்லாவற்றையும் கட்டைவிரல் எட்டும் பக்கமாக மாற்றினாள்.

பெட்டியின் மேல் நாலாயிரம் ஆட்டம் என்று போட்டிருந்தது. ஒரு கையால் ஆட முடிந்தவை மூன்று. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

அந்த மூன்றிலும் மேலேயிருந்து ஏதாவது விழுந்துகொண்டே இருந்தது. அடுக்கினாள். மறுபடி விழுந்தது. அடுக்கினாள். இதற்குப் பத்தாம் வகுப்பு கணக்கு நோட்டு திருத்தலாம்.

அடுத்தது நீளமானது. நல்ல திரை. நிறம் கண்ணை உறுத்தவில்லை. பழைய சத்தம் பிசகாமல் வந்தது. அவளுக்குப் பிடித்த தொப்பி முயலும் இருந்தது. ஓடும், பள்ளம் தாண்டும், அவ்வளவுதான் அதன் வேலை.

ஆனால் ஓடுவது இடப்பக்கப் பட்டனில். குதிப்பது வலப்பக்கப் பட்டனில். எல்லாவற்றையும் ஒரே பக்கம் மாற்றினாலும் ஒரு கட்டைவிரல் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்காது.

வலது கையால் அழுத்தினாள். முயல் நின்ற இடத்திலேயே குதித்தது.

குதித்தது.

குதித்தது.

நானும் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தாள். பெட்டிக்குள் வைத்து மூடப் போனாள்.

வலப்பக்கப் படுக்கையில் ஆவுடையப்பன். மினி பஸ் டிரைவர். ஐந்து மாதமாகப் பக்கத்துப் படுக்கை. இதுவரை இருவரும் பேசியதெல்லாம் உப்பு, எடை, குடித்த தண்ணீரின் அளவு. இடது கை நரம்பு ஒத்துவரவில்லை என்று அவருக்கு ஊசி வலது கையில். கியர் போட்டுப் பழகிய இடது கை சும்மா கிடந்தது.

அதை நீட்டினார்.

"நான் ஓட்டுதேன் டீச்சர். நீங்க குதிங்க."

சிஸ்டர் சாப்பாட்டு டிராலியை இருவருக்கும் நடுவில் இழுத்துவிட்டார். கருவியை அதன்மேல் வைத்தார்கள். அவர் கை இடப்பக்கம் போக வேண்டும், அவள் கை வலப்பக்கம் போக வேண்டும். நடுவழியில் இரண்டும் குறுக்கே மாட்டிக்கொண்டன. அவர் தம் கையைத் தூக்கி வழிவிட்டார்.

முயல் ஓடியது. நன்றாகவே ஓட்டினார்.

முதல் பள்ளம் வந்தது. முயல் நின்றது. அவள் குதிக்க வைத்தாள். அவர் அப்புறம் நகர்த்தினார். நேரே உள்ளே விழுந்தது.

மறுபடி முதலிலிருந்து. பள்ளம். நின்றது. விழுந்தது.

ஓட்டத்தோடு குதித்தால்தான் தாண்டும், பள்ளத்துக்கு முன்னால் நிறுத்தவே கூடாது என்று வகுப்பில் சொல்வதைப் போலச் சொன்னாள். சரி சரி என்றார். போய் நிறுத்தினார்.

"பள்ளத்தக் கண்டா கை தானா நியூட்ரலுக்குப் போயிருது டீச்சர். இருவத்தெட்டு வருசம்."

அவளுக்குக் கோபம் வந்தது. நிஜமான கோபம். கடைசியாக எப்போது வந்தது என்றே நினைவில்லை. எதிர்ப் படுக்கைக்காரர் விழித்துப் பார்க்கும் அளவுக்கு அவரைத் திட்டினாள். இடது கையை மட்டும் அசைக்கவில்லை.

ஆவுடையப்பன் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு ஒழுங்காக ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தினார்.

மெஷின் கத்தியது. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான்கு மணி நேரம் முடிந்திருந்தது.

பள்ளத்தைத் தாண்டியிருக்கவில்லை.

ஊசியைக் கழற்றிவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் சிஸ்டர். ஆவுடையப்பன் சட்டையை மாட்டிக்கொண்டே, வீட்டில் பழகிவிட்டு வருகிறேன் என்றார். எதை வைத்துப் பழகுவார் என்று அவள் கேட்கவில்லை.

ஜெபசிங் வந்தார். படுக்கையில் கிடந்த இரண்டையும் பார்த்தார். எதை அனுப்பட்டும் என்று கேட்டார். இரண்டையும் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம் அவர் முகத்தில் அப்பட்டமாக இருந்தது.

அவள் குட்டையானதை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுதான ஒத்தக் கையால ஆடுதது?"

"ஆமா."