சுற்றுக்கு ஒரு டப்பா

“அந்த பஜ்ஜியக் கீழ வைங்க. உள்ள எண்ணுறது ஓட்டுதான? அதுக்கு உங்க வாய் எதுக்கு அரைக்குது?”

பொண்டாட்டி முத்துமீனா கேட்டதும் தங்கப்பாண்டி கடித்த பாதியை விழுங்கிவிட்டு, மீதியை நல்ல பிள்ளையாக மச்சான் மலையாண்டியிடம் கொடுத்தார். மேலூரில் ஓட்டு எண்ணும் பள்ளிக்கூட வாசல் அது. ஊராட்சித் தலைவர் யார் என்பது நாலு சுற்றில் தெரிந்துவிடும்.

போன தேர்தலில் இதே வாசலில் பதினோரு ஓட்டில் தோற்றவர் தங்கப்பாண்டி. அந்தத் துக்கத்தை முட்டைப் பரோட்டாவில் ஆற்றியதில் மூன்றே மாதத்தில் எட்டுக் கிலோ ஏறியது. சர்க்கரையும் வந்து ஒட்டிக்கொண்டது. இந்தத் தடவையும் கவிழ்ந்தால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. பதற்றத்தில் மெல்லுகிற மனுஷனை நிறுத்த முடியாது, மெல்லுகிற பொருளை மாற்றலாம் என்று கண்டுகொண்ட முத்துமீனா, சுற்றுக்கு ஒன்றாக நாலு டப்பா கட்டி வந்திருந்தாள்.

முதல் சுற்றில் நாற்பது ஓட்டுப் பின்தங்கல். வெள்ளரித் துண்டுகள் ஒரே நிமிடத்தில் காலி. இரண்டாவதில் பன்னிரண்டாகக் குறைந்தது. அவித்த கடலையை அள்ளி வாயில் போட்டார்.

“மாப்ள, கடலத் தோட்ட உரிச்சுத் தின்னு,” என்றார் மலையாண்டி.

மூன்றாவதில் மூன்று ஓட்டு முந்தல். உப்புக்காரம் தூவிய கொய்யா போன இடம் தெரியவில்லை. சந்தோஷம் வந்தாலும் அவருக்குப் பசித்தது.

“இன்னும் எம்புட்டு இருக்கு?” என்றார்.

“ஒரு சுற்றுதான்,” என்றாள் முத்துமீனா.

“நான் டப்பாவக் கேட்டேன்.”

கடைசி டப்பாவில் கம்பு உருண்டை. அது வாய்க்குள் போன நேரம் ஒலிபெருக்கி கரகரத்தது. பூட்டுச் சாவிச் சின்னம், ஒன்பது ஓட்டில் வெற்றி.

வேட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. மலையாண்டி மாப்பிள்ளையைத் தூக்கப் பார்த்து, முடியாமல் கட்டிப்பிடித்தார். “தலைவரே” என்று ஊர்க்காரர்கள் ரோஜா மாலையைக் கழுத்தில் போட்டார்கள். மாலையோடு, வெற்றிச் சான்றிதழ் வாங்கப் படியேறினார் தங்கப்பாண்டி.

வாசலில் போலீஸ்காரர் கையை நீட்டித் தடுத்தார். “நீங்க இங்கனயே நில்லுங்கண்ணே. பொம்பளைகளுக்கு ஒதுக்குன ஊராட்சி இது. வேட்பாளர் மட்டும் உள்ள போகட்டும்.”

முத்துமீனா புருஷன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட உள்ளே போனாள்.