பாதி முகவரி

திரையில் மறுபடியும் அதே வரி. சென்சார் பதில் தரவில்லை.

கீபோர்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது, கேமராவுக்கு மென்பொருள் எழுதும் அவளுக்கு.

காலையில்தான் புது டெக்னீஷியன் வேறொரு கேமரா சென்சாரைப் போர்டில் சால்டர் செய்து கொடுத்துவிட்டு டீக்குப் போயிருந்தான். அதுவும் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் வரை அந்த எதிர் மேஜை பழைய டெக்னீஷியன் பெர்க்மான்ஸுடையது. அவள் சொல்லச் சொல்ல சென்சாரைப் பிடுங்குவதும் வைப்பதுமாகவே இருந்தார் மனிதர். கடைசியில் அவரும் சொல்லிவிட்டார்.

"என் பக்கம் சரியாத்தாங்க மேடம் இருக்கு. ஒருவாட்டி உங்க பக்கமும் பாத்துருங்களேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. என்னையா சொல்கிறார்?

அன்றைய மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தாள். சால்டரிங்தான் கோளாறு, அவர் கை சரியில்லை என்று.

மறுநாளிலிருந்து அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எரிச்சலோடு டிவைஸ் ட்ரீயைத் திறந்தாள். எந்தச் சாதனம் எந்த முகவரியில் இருக்கிறது என்று, போர்டை இயக்கும் மைய மென்பொருளான கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு. அதில் இருப்பதுதான் கெர்னலுக்கு வேதவாக்கு. சொன்ன முகவரியில் போய்த் தட்டும். பதில் வராவிட்டால், அங்கே ஆளே இல்லை என்று முடிவுகட்டிவிடும்.

அவள் எழுதியிருந்த முகவரி 6c.

சென்சாரோடு வந்த கையேட்டிலும் 6c.

கண் அங்கேயே நின்றுவிட்டது.

இந்த வகைச் சென்சார்களின் கையேட்டில் இருக்கும் எண்ணை அப்படியே எழுதக் கூடாது. பாதியாக்கித்தான் எழுத வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் நடத்தும் பாடம் அது.

சே.

பதினாறடிமானக் கணக்கில் 6c-இன் பாதி 36. அப்படியே மாற்றினாள். போர்டை அணைத்து மீண்டும் போட்டாள்.

திரையில் படம் வந்தது.

எதிர் மேஜை. காலி நாற்காலி. அதன் முதுகில் பெர்க்மான்ஸின் நீல வேலைக் கோட், பாக்கெட்டில் அவருடைய மூக்குக்கண்ணாடி. யாரும் எடுத்துக் கொடுத்திருக்கவில்லை.

மேனேஜர் கந்தவேல் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். திரையைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"பாத்தீங்களாம்மா? ஆள மாத்துனதும் படம் வந்துருச்சு."

இல்லை சார் என்று ஆரம்பித்தால் போதும்.

அவள் கையை நீட்டி, கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

சுவரும் தெளிவாகத்தான் தெரிந்தது.