இரண்டாம் மாடியில் தண்ணீர் வரவில்லை

கதவைத் தள்ளக் கையை உயர்த்தியவள், நின்றுவிட்டாள்.

உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. முழுவதும் திறந்துவிட்ட குழாய். கை கழுவ யாரும் அப்படித் திறப்பதில்லை.

வெளியே, கதவருகே ஜன்னல் திட்டில் ஒரு கைப்பை. அதன் திறந்த வாயில் குழந்தையின் காலுறை ஒன்று தெரிந்தது. பக்கத்தில் வருகைப் பதிவேடு.

பின்னால் பல்கலைக்கழகப் பொறியாளர் அருணாசலம் அட்டைப்பெட்டியுடன் காத்திருந்தார். பெட்டியில் புதுக் குழாய்கள். கையை நீட்டினால் தண்ணீர் வரும், எடுத்தால் நின்றுவிடும். வளாகத்திலேயே இந்த இரண்டாம் மாடிப் பெண்கள் கழிப்பறையில்தான் தண்ணீர் அதிகம் வீணாகிறதாம். பார்த்துக் கையெழுத்துப் போடப் பதிவாளரான அவளே வந்திருந்தாள்.

பதிவாளராகி ஐந்து மாதம். இந்த மாடிக்குக் கடைசியாக வந்து பதினோரு வருடம்.

அதே பச்சைக் கதவு. கீழ் ஓரத்தில் அதே பெயர்ந்த சாயம்.

அப்போது அவள் இங்கே ஆசிரியை; பேறுகால விடுப்பு முடிந்து வந்த முதல் வாரம். காலையிலேயே துறைத்தலைவர், "லீவு முடிஞ்சும் லீவு மூடுலயே இருக்கீங்களே" என்றிருந்தார். மதியம் மூன்று மணி வகுப்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்தது. பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பியவள், மணி அடிக்கும்வரை திரும்பவே இல்லை. எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். பிள்ளைகள் பாவம், அத்தனையையும் குறிப்பெடுத்தார்கள்.

பிறகு இங்கே ஓடி வந்தாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கதவைத் திறந்தபோது வெளியே ஒரு முதுகு.

புள்ளியியல் துறை ஸ்டெல்லா. அதுவரை வணக்கம் சொல்லும் பழக்கம் மட்டும்தான். வாசலை மறித்து நின்று ஒரு மாணவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி வரலம்மா. கீழ போ."

குழாய் அப்போதும் கொட்டிக்கொண்டிருந்தது.

ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள். தன் தோளில் இருந்த ஊக்கைக் கழற்றினாள். இவள் முந்தானையை முன்பக்கம் இழுத்து மூடிக் குத்தினாள். பிறகு, நழுவும் தன் முந்தானையை ஒரு கையால் பிடித்தபடி வகுப்புக்குப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் ஸ்டெல்லாவின் முறை. வெளியே இவள் நின்றாள்.

அப்புறம் நூலகத்து ஜமீலா. மகனின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும் நாட்களில்.

யாரும் பேசிவைத்த ஏற்பாடு இல்லை. குழாய்ச் சத்தம் கேட்டால் ஒருத்தி வாசலில் நிற்பாள். பத்து நிமிடம். ஏன் என்று கேட்பதில்லை. தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருடம் மாணவிகள் மனுக் கொடுத்தார்கள். நிர்வாகம் புது மோட்டார் போட்டது. மூவரும் ஒரு வாரம் சிரித்தார்கள்.

இப்போது ஸ்டெல்லா ஓய்வுபெற்று நாகர்கோவிலில் இருக்கிறாள். தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் அனுப்புகிறாள். ஜமீலா சென்னையில். இவளுக்கோ நிர்வாகக் கட்டடத்தில் தனி அறை, அறைக்குள்ளேயே கழிப்பறை. அங்கே எவ்வளவு அழுதாலும் வாசலில் நிற்க ஆள் இல்லை.

அந்த நாட்கள் திரும்ப வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த முதுகு வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். பலமுறை.

உள்ளே ஒரு விம்மல், தண்ணீருக்கு மேல் எழுந்து அடங்கியது.

கையை எடுத்தால் நின்றுவிடும் குழாய். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறவள், தண்ணீருக்குக் கையை நீட்டிக்கொண்டா இருப்பாள்?

"மேடம், உள்ள யாரும் இருக்காங்களான்னு கேட்டுட்டு ஆரம்பிச்சிரலாமா?" என்றார் அருணாசலம்.

அவள் திரும்பினாள். கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள்.

"இங்க தண்ணி வரல, சார். கீழ போங்க."

"கொட்டுற சத்தம் கேக்குதே, மேடம்..."

"வரலன்னு சொல்றேன்ல."

அவர் கதவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

அவள் கோப்பைத் திறந்தாள். 'இரண்டாம் மாடி, பெண்கள்' என்ற வரிக்கு எதிரே, நிதானமாக எழுதினாள்.

தண்ணீர் வரத்து இல்லை. குழாய் மாற்றத் தேவை எழவில்லை.

கையெழுத்திட்டுத் தேதியும் போட்டாள். வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் அவள் எழுதிய முதல் பொய்க் குறிப்பு.

உள்ளே குழாய் நின்றது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.