பூட்டினேனா?

"இன்னிக்கும் கூண்டைப் பூட்டாம போயிட்டீங்களா தம்பி? வந்து பார்த்தா அந்தக் குரங்கு, சோம்பேறி, என் நாற்காலியில உக்காந்து என் பிஸ்கட்டைத் தின்னுட்டிருக்கான்!" குரங்குகளைப் பராமரிக்கும் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

ஆராய்ச்சியாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிற ஆசாமி எந்த முகத்தோடு மறுப்பது? "ஞாபகசக்தி ஆராய்ச்சிக்கு என்னைச் சேர்த்துக்கிட்டாங்க பாருங்க, அவங்களைச் சொல்லணும்" என்றார்.

பார்த்ததை மனத்தில் பதிக்கும்போது குரங்கின் மூளையில் ஒரு மரபணு விழித்துக்கொள்கிறது என்று நிரூபிப்பதுதான் அவருடைய ஐந்து வருடப் பிழைப்பு. படிப்பாளி என்ற குரங்குக்கு ஆறு மாதமாகப் படங்களைக் காட்டிப் பழக்கினார். எதிர்க்கூண்டுச் சோம்பேறிக்கு ஒரு பாடமும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மக்கு வேண்டுமே.

நேற்று ஸ்கேன் வந்தது. படிப்பாளியின் மூளை ஏதோ பேருக்கு மினுக்கியது. சோம்பேறியின் மூளை ஜெகஜ்ஜோதியாக எரிந்தது.

"ஸ்கேன்ல பேரை மாத்தி ஒட்டியிருப்பேன் அக்கா, வேற என்ன? எல்லாம் என் தப்புதான்னு பேராசிரியருக்கு லெட்டர் எழுதிட்டேன். அனுப்பினா என் பட்டம் போச்சு."

"அது கிடக்கட்டும். அவனை உள்ள விட்டுக் கதவைச் சாத்தியிருக்கேன். என் கண்ணு முன்னாடி பூட்டுங்க."

எண் பூட்டின் நான்கு பொத்தான்களையும் ஒவ்வொன்றாக, அழுத்தந்திருத்தமாக அழுத்திப் பூட்டினார். எல்லாக் கூண்டுக்கும் ஒரே எண்தான். வேறு வேறு வைத்தால் அவருக்கு நினைவில் எங்கே நிற்கப்போகிறது?

இரண்டடி நடந்ததும் வழக்கமான சந்தேகம் வந்துவிட்டது. திரும்பிப் போய் எண்ணைப் போட்டுத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்து மூடினார். படிப்பாளியின் கூண்டிலும் தினமும் இதே கூத்துதான்.

சோம்பேறி கம்பியில் தலையைச் சாய்த்து அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தது. நாள் முழுக்க அதற்கு வேறு வேலை ஏது?

மேசைக்கு வந்து கணினியில் கடிதத்தை ஒருமுறை படித்தார். தன்னைப் பற்றித் தானே எழுதிய வசவு அவ்வளவு நன்றாக வந்திருந்தது. அனுப்புவதற்கு விரலைக் கொண்டுபோனார்.

முதுகுக்குப் பின்னால் டிக், டிக், டிக், டிக் என்று கேட்டது.

"அக்கா, நான் பூட்டினதைப் பார்த்தீங்கல்ல? மறுபடி எதுக்குத் திறக்கிறீங்க?" என்றார், திரும்பாமலே.

அக்காவின் குரல் பக்கத்திலிருந்து வந்தது. "லெட்டரை அனுப்பாதீங்க தம்பி! சோம்பேறி கம்பி வழியா கையை விட்டு நம்பர் போடுறான்... திறக்கிறான், மூடுறான், மறுபடி திறக்கிறான்... அப்படியே உங்களை மாதிரி!"