இப்படிக்கு, ஒரு மனைவி

"மொத்தம் பதினேழு வீடு ஃபாதர்! நேத்து ஒருத்தி துடைப்பத்தைத் தூக்கிட்டு வந்துட்டா!"

பேபி டீச்சர் மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார். வீடு வீடாகப் போய் ஜெபிக்கும் மரியாயின் சேனைக்கு அவர்தான் தலைவி. இரண்டு நாளாகத் தாம்பரத்திலிருந்து ரயிலேறிப் போய்க் குரோம்பேட்டையை அலசிக்கொண்டிருந்தார்.

"அப்படி என்ன டீச்சர் கேட்டீங்க?" என்றார் பங்குத்தந்தை சின்னப்பன்.

"என்ன கேக்கறது? 'உன் வீட்டுக்காரர் ஓடிப்போயிட்டாரா'ன்னுதான்."

"கதவைத் திறந்ததுமேவா?"

"பின்னே? அவர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுட்டிருக்கார்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஆள் முகத்தைக்கூடப் பார்க்கலை, ஒரே ஓட்டமா ஓடி வந்துட்டேன்."

வாசலில் நின்றிருந்த செல்வமேரி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

எல்லாம் செவ்வாய்க்கிழமை நடந்த அந்தோணியார் நவநாள் ஜெபத்தில் ஆரம்பித்தது. வேண்டுதல் பெட்டியில் இருந்த ஒரு கடிதத்தை ஃபாதர் மைக்கில் வாசித்தார். எட்டு மாதத்துக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு போன கணவனைத் திருப்பி அனுப்பும்படி ஒரு பெண் அந்தோணியாரைக் கேட்டிருந்தாள். 'அவருடைய தட்டைத் தினமும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறேன். வேறு யாரையும் அதில் சாப்பிட விடுவதில்லை' என்ற இடத்தில் கோயில் முழுக்க விசும்பல் கேட்டது. கடிதத்தின் கீழே பெயர் இல்லை. 'இப்படிக்கு, ஒரு மனைவி, குரோம்பேட்டை' என்று மட்டும் இருந்தது.

"அந்தப் பொண்ணுக்குன்னு பத்து கிலோ அரிசி சேர்ந்திருக்கு. ரெண்டு புடவையும் இருக்கு. அவளைக் கண்டுபிடிக்காம விடறதில்லை ஃபாதர். நாளைக்கு ராதா நகர் பக்கம்," என்றார் டீச்சர்.

"எதுக்கும் ஹெல்மெட் போட்டுட்டுப் போங்க டீச்சர்."

டீச்சர் சிரிக்காமல் எழுந்து போனார்.

"வாம்மா செல்வமேரி. வர்ற வழியில மைக்செட்காரர் முனிரத்தினத்தைப் பார்த்தியா? செவ்வாய்க்கிழமை நவநாள் நடுவிலேயே மனுஷன் காணாமப் போயிட்டான். கடைசிப் பாட்டு முழுக்க ஸ்பீக்கர் விசிலடிச்சுது. ஆம்ப்ளிஃபயரும் இங்கேயே கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை கொடியேற்றம் வேற!"

"பார்க்கலை ஃபாதர். நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"குரோம்பேட்டைல அப்படி யாரும் இல்லை."

"ராதா நகர் இன்னும் பாக்கி இருக்கே."

"எங்கேயுமே இல்லை ஃபாதர். அது கதை. நான் எழுதினது."

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம கோயில் இதழுக்குன்னு கடிதம் மாதிரி ஒரு கதை எழுதினேன். வெட்கமா இருந்ததால பேர் போடலை. யாரும் பார்க்கறதுக்குள்ள பெட்டியில போட்டுட்டு ஓடிட்டேன். வெள்ளையடிச்சப்போ வேண்டுதல் பெட்டியையும் இதழ்ப் பெட்டியையும் இடம் மாத்தி மாட்டியிருக்காங்க. நான் கவனிக்கலை."

ஃபாதர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "முன்னூறு பேரை முழங்கால்ல நிக்க வெச்சுட்டியே பொண்ணே!"

செல்வமேரி சிரிக்கவில்லை. கன்னியாஸ்திரிகளுக்குக் கடவுளின் அழைப்பு வருவதுபோல எழுதுகிறவர்களுக்கும் வருமா என்று போன மாதம் அவள்தான் அவரிடம் கேட்டிருந்தாள். 'எழுதிப் பாரு, அழைப்பா இருந்தா தெரிஞ்சுடும்' என்று சொல்லியிருந்தார்.

"தெரிஞ்சுடுச்சு ஃபாதர்," என்றாள். "ஜெபம் பண்ணிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனா நான் எழுதின பொய்க்காகக் கோயில்ல எல்லாரும் அழுதாங்க. டீச்சர் பாவம், வெயில்ல அலையறாங்க. நான் வேலை பார்க்கற லேப்ல ஒரு சோதனை தப்பாப் போனா டெஸ்ட் டியூபைக் கழுவி வெச்சுடுவோம். இதையும் அப்படியே வெச்சுடறேன்."

கைப்பையிலிருந்து இருநூறு பக்க நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். முக்கால்வாசி எழுதியிருந்தது.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். இனிமே எழுத மாட்டேன்."

ஃபாதர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. சவரம் செய்த முகமும் வெளுத்த சட்டையுமாக முனிரத்தினம் உள்ளே வந்தார்.

"மன்னிச்சுக்கங்க சாமி. சொல்லாம போய்ட்டேன்."

"மூணு நாளா எங்கேய்யா போனே?"

"வூட்டுக்கு சாமி." முனிரத்தினம் தலையைச் சொறிந்தார். "குரோம்பேட்டைக்கு. எட்டு மாசமா கடையிலதான் படுத்துகினு இருந்தேன். சண்டை போட்டுட்டு வந்தவனுக்கு அங்க இன்னா கீதுன்னு ஒரு வீம்பு. அன்னிக்கு என் சம்சாரம் போட்ட லெட்டரை மைக்ல படிச்சீங்க பாருங்க, அப்படியே சைக்கிளை எடுத்துட்டேன். போய்ப் பாத்தா, என் தட்டைக் கவுத்துதான் வெச்சிருந்தா சாமி."

செல்வமேரி தலை நிமிர்ந்தாள்.

"நேத்து நான் துன்னுகினு இருக்கச்சொல்ல எவங்களோ வந்து, 'உன் வீட்டுக்காரர் ஓடிப்போயிட்டாரா'ன்னு கேட்டாங்க. இவளுக்குக் கோவம் வந்து துடைப்பத்தைத் தூக்கிட்டா. நல்ல வேளை, அந்தம்மா ஓடிட்டாங்க."

ஃபாதர் இருமினார்.

"ஒரே ஒரு டவுட்டு சாமி," என்றார் முனிரத்தினம். "அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யார்கிட்ட சொல்லி எழுதினேன்னு கேட்டா, அந்தோணியார் மேல சத்தியமா நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலேன்றா."

ஃபாதர் நோட்டைச் செல்வமேரி பக்கம் தள்ளினார்.