சரிம்மா வெர்ஷன்

மூளையை அப்டேட் செய்துகொண்டு வந்ததிலிருந்து சண்முகவேலு எல்லாவற்றுக்கும் “சரிம்மா” என்றார். உப்பில்லாத ரசத்துக்கும் சரிம்மாதான். சண்டைக்கு ஆளில்லாமல் மனைவி செண்பகவல்லிக்கு நாக்கு துருப்பிடித்தது. பழைய வெர்ஷனையே போடச் சொல்லி சர்வீஸ் சென்டருக்கு அழைத்துப் போனாள்.

“இந்தப் பத்து நாள்ல நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகம் இருக்காதும்மா,” என்றாள் அங்கிருந்த பெண்.

செண்பகவல்லிக்குப் பகீரென்றது. தங்கள் கல்யாணப் பந்தியில் அவள் அண்ணனைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்டதற்கு, முப்பது வருடம் கழித்து அவர் மன்னிப்புக் கேட்டது முந்தாநாள்தான். அந்த மன்னிப்பை அவசரமாக அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கினாள்.

பழைய சண்முகவேலு கண்விழித்ததும் தாளை நீட்டினாள்.

“ஏட்டி, என் கையெழுத்த அச்சு அசலாப் போட்டிருக்கானே, எவன்ட்டி அவன்? ஒங்க அண்ணந்தான?”

“வாங்க, வீட்ல போய்ப் பேசிக்கிடுவோம்,” என்றாள் செண்பகவல்லி, வாயெல்லாம் சிரிப்பாக.