சமத்துப் பிள்ளை

“வைரஸ்னு சொன்னீங்க. இப்ப பாக்டீரியாங்கறீங்க. ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க டாக்டர்!”

இரவுக் காவல் முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் வார்டுக்கு வந்திருந்தான் காவலாளி. இன்று குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

“ரெண்டும் சேர்ந்தும் வரும்பா. சளிக்குக் காரணம் வைரஸ்தான். ஆனா முந்தாநாள் எடுத்த ரத்தத்துல பாக்டீரியா வளர்ந்திருக்கு. மூணு மாசக் குழந்தை. கவனிக்காம விட்டா உயிரே போயிடும்.”

உயிர் போகப்போகிற ஆசாமி, மனைவியின் மடியில் கிடந்து காலை உதைத்துக் கத்திக்கொண்டிருந்தான்.

“இவனுக்கா? காய்ச்சலே விட்டுடுச்சு. பாலும் குடிக்கிறான். கத்துற கத்துல பக்கத்து வார்டே எழுந்து உட்காருது!”

“அதான் எனக்கும் புரியல” என்றார் டாக்டர், ஒளிக்காமல். “தோல்ல இருக்கிற கிருமி ஊசியோட ஒட்டிட்டு வரும். இது அந்த ரகம் இல்ல. ரத்தம் விட்டு வெச்ச ரெண்டு பாட்டில்லயும் இதேதான் வளர்ந்திருக்கு.” நர்ஸ் பக்கம் திரும்பினார். “நீதானே எடுத்த? சரியா எடுத்தியா?”

நர்ஸுக்குச் சுருக்கென்றது.

“பத்து வருஷமா எடுக்கறேன் டாக்டர். நல்லாத் துடைச்சு, ஒரே குத்து. குழந்தை முனகக்கூட இல்ல. அவ்வளவு சமத்து.”

“யாரு, இவனா?” மனைவி சிரித்தே விட்டாள். “துணி மாத்தினாலே ஊரைக் கூட்டுவான்!”

“அன்னிக்கு அழலையேம்மா. உங்க வீட்டுக்காரர் நாற்காலியிலேயே குறட்டை விட்டுட்டிருந்தார். அவர் மடியில இருந்துதான் தூக்கிட்டுப் போனேன். திரும்பக் கொண்டுவந்து வெச்சப்பவும் மனுஷன் முழிக்கல.”

மனைவியின் சிரிப்பு நின்றது. “அப்ப நான் இவனைத் தூக்கிட்டு எக்ஸ்ரே எடுக்கத்தானே போயிருந்தேன்?”

காவலாளிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் வீட்டுக்குப் போன் போட்டான். அக்கா எடுத்தாள்.

“சின்னவன் என்ன பண்றான்க்கா?”

“ரெட்டையில அவன்தான்டா தங்கம்! முந்தாநாள் நீ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டு வந்தப்ப கையில பிளாஸ்திரி இருந்துச்சே, தடுப்பூசி போட்டீங்களா? அந்த அசதிபோல. நேத்து ராத்திரியில இருந்து பாலுக்குக்கூட அழல, போட்டது போட்டபடி தூங்கறான்.”